முழுப் பூசணிக்காய்

2024 ஆம் ஆண்டில் தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாளில் வந்தன. ஒக்ரோபர் 31, வியாழக்கிழமை. மகளின் குடும்பத்தைப் பார்க்க ரொறொன்ரோ சென்றிருந்த நான், அன்று அதிகாலையில் தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக் குளித்தேன். மாலையில் வாசற்படியில் அமர்ந்து, எலும்புக்கூடுகளாகவும் சூனியக்காரிகளாகவும் வந்த அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கு இனிப்பு வழங்கினேன். படியின் ஒரு பக்கத்தில் குத்துவிளக்கு, மறுபக்கத்தில் பல்லை இளித்துக்கொண்டு ஒரு பூசணிக்காய். இரண்டிலும் சுடர் எரிந்தது.

அந்தப் பூசணிக்காயை அலங்கரித்தவன் நான்தான். முப்பது ஆண்டுகளாகத் தலைப்பும் துணைத்தலைப்பும் செதுக்கியவனுக்கு ஒரு காயைச் செதுக்குவது பெரிய காரியமா என்று வாசகர்கள் கேட்கலாம். பெரிய காரியந்தான்.

விடயம் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சிறு பூசணிக்காயை அலங்கரித்துக் கொண்டுவர வேண்டும், வர்ணம் பூசலாம், ஒட்டலாம், கட்டலாம், ஆனால் வெட்டக்கூடாது என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. "அப்பா, நீங்க சும்மாதானே இருக்கிறீங்க" என்று மகள் அதை என் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். ஆறு வயதுப் பேத்தி நிபந்தனையைத் தெளிவாகச் சொன்னாள்: "பயமா இருக்கணும் தாத்தா. ஆனா ரொம்பப் பயமா இருக்கக் கூடாது."

எனக்கு உடனே சென்னை ஞாபகம் வந்தது. அங்கே கட்டிமுடியாத மாடிகளின் முகப்பில் கண்ணூறு கழிக்க நீற்றுப் பூசணியைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். உருட்டி விழிக்கும் கண்கள், கன்னம்வரை முறுக்கிய மீசை, கீழுதட்டைக் கடிக்கும் கோரைப்பற்கள், தொங்கும் நாக்கு. பார்க்கிறவனின் பார்வை வீட்டின் மேல் விழாமல் அந்த முகத்தின் மேல் விழவேண்டும் என்பது ஏற்பாடு. ஆயுதபூசை நாளில் அதே காயைக் குங்குமம் நிரப்பி நடுத்தெருவில் போட்டு உடைப்பார்கள். மோட்டார் சைக்கிளில் வருகிறவர் வழுக்கி விழுவார். உடைக்காதீர்கள் என்று ஆண்டுதோறும் வேண்டுகோளும் வெளியாகும். நம்மிடம் பேய் விரட்டும் பூசணி ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு ஆங்கிலப் பெயர் வைக்காததுதான் குறை என்று எண்ணிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

வெள்ளை வர்ணத்தில் இரண்டு பெரிய கண்கள். தமிழ்க் கடையில் வாங்கிய தேங்காயின் குடுமியைப் பிய்த்து மீசை. கோணி ஊசியால் துளையிட்டுக் கராம்புகளை வரிசையாகச் செருகினால் அருமையான பற்கள். வீடெல்லாம் வாசனை வேறு. நாக்குக்கு ஒரு நீளமான செத்தல் மிளகாயை ஒட்டியிருந்தேன். பிள்ளைகள் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்குவார்களே என்று மகள் அதைப் பிடுங்கிச் சிவப்பு நாடாவை ஒட்டினாள். (ஆசிரியர் பீடத்தில் கைவைக்காத பிரதி எது?) காயின் முதுகுப்பக்கம் சும்மா கிடந்தது. பூசணிக்கு இயற்கையாகவே வரி வரியாகப் பள்ளங்கள் உண்டல்லவா, அந்த வரிகளையே கோடாகக் கொண்டு, அரிசிமாக் கரைசலால் புள்ளி வைத்து, பேத்தியின் விரலைப் பிடித்துச் சிக்குக்கோலம் இழுத்தேன். ஏழு புள்ளியில் தொடங்கி நாலில் முடிந்துபோனது. அவளுக்கு அது போதுமாயிருந்தது.

வாசலில் வைத்த பெரிய காய் வேறு. அதை வெட்டத்தான் வேண்டும். செய்ய விரும்புகிறவர்களுக்கு நான் பட்டறிந்த இரண்டொரு விடயங்களைச் சொல்லிவைக்கிறேன். எல்லோரும் காம்புப் பக்கத்தை மூடிபோல வெட்டுகிறார்கள். அப்படி வெட்டினால் இரண்டொரு நாளில் மூடி சுருங்கி உள்ளே விழுந்துவிடும். அடிப்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, ஏற்றிய விளக்கின் மேல் காயைக் கவிழ்த்து வைத்தால் முகமும் நிற்கும், கையும் சுடாது. வெட்டுவாயில் கொஞ்சம் வாசலின் தடவினால் வாடுவது தாமதமாகும். கண்ணையும் வாயையும் வெட்டித்தான் ஆகவேண்டும் என்பதுமில்லை. துளைபோடும் கருவியால் புள்ளி புள்ளியாகத் துளையிட்டுக் கோலமோ எழுத்தோ வரைந்தால், இருட்டில் அந்தப் புள்ளிகள் மட்டும் ஒளிரும். நான் இரண்டையும் செய்தேன். முன்பக்கம் இளிக்கும் வாய், பின்பக்கம் புள்ளி எழுத்தில் பேத்தியின் பெயர்.

இந்த வழக்கம் பூசணியில் தொடங்கியதல்ல. அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து முகம் செதுக்கினார்கள். சொர்க்கமும் நரகமும் ஏற்காத ஜாக் என்ற கஞ்சன் ஒரு கிழங்குக்குள் தணலை வைத்துக்கொண்டு இருட்டில் அலைகிறான் என்பது அயர்லாந்துக் கதை. 1845 இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்து மக்கள் இலட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். அமெரிக்காவுக்குப் போனவர்களுக்குக் கிழங்கைவிடப் பெரிதும் குடைவதற்கு இலகுவானதுமான பூசணி கிடைத்தது. பூசணி அந்த மண்ணின் காய். ஐரோப்பியர் வழியாக நம்மிடம் வந்ததால்தான் தமிழ்நாட்டில் அதற்குப் 'பரங்கிக்காய்' என்று பெயர். நீற்றுப் பூசணி மட்டுமே ஆசியாவின் பழைய சொத்து.

பசிக்குத் தப்பி ஓடியவர்கள் சுமந்துவந்த விளையாட்டு என்பதை அறிந்தபிறகு, அடுத்து நான் கண்டது இன்னும் உறுத்தியது. மருமகன் பெரிய காயின் உட்சதையையும் விதைகளையும் கரண்டியால் வழித்து, அப்படியே பச்சைக் குப்பைத்தொட்டிக்குள் போடப் போனார். நான் எழுந்து தொட்டியின் மூடியைக் கையால் பொத்திவிட்டேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "மாமா, இது செதுக்கிறதுக்கென்றே வளர்க்கிற இனம். நாரும் தண்ணியும்தான். ருசி இராது" என்றார். அவர் சொன்னது சரி. 'ஹவுடன்' போன்ற இனங்கள் தோல் அழகுக்காகவும் நிமிர்ந்த வடிவத்துக்காகவும் வளர்க்கப்படுபவை. ஆனால் என் கை அதைக் கேட்கவில்லை. ஏன் என்று சொல்ல நான் பொல்பிட்டியவுக்குப் போகவேண்டும்.

மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிக் களனி கங்கையாக இறங்கும் பக்கத்தில் இருக்கிறது பொல்பிட்டிய. மலைநாட்டின் மேற்கு விளிம்பு. தேயிலை முடிந்து தென்னையும் கித்துளும் தொடங்கும் இடம். 1969 இல் அங்கே 75 மெகாவொட் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த ஆண்டில்தான் அதற்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்து லயத்தில் நானும் பிறந்தேன். இரவில் எங்கள் இஸ்தோப்பில் நின்றால் கீழே மின்நிலையம் வைரத்தட்டு மாதிரி மினுங்கும். மின்கம்பிகள் எங்கள் தலைக்கு மேலாகக் கொழும்புக்குப் போயின. எங்கள் காம்பராவில் எரிந்தது குப்பி லாம்பு.

லயத்தின் பின்புறத்து அடுப்படிக் கூரைகளில் எல்லா வீட்டுப் பூசணிக்கொடியும் படர்ந்திருக்கும். பத்துக் காம்பராவுக்கு ஒரே தகரக்கூரை. யார் வீட்டுக்கொடி யார் தலைக்கு மேல் காய்க்கிறது என்பது கொடிக்கே தெரியாது. ஆகவே, காய் பிஞ்சாக இருக்கும்போதே ஆணி நுனியால் மெல்லக் கீறிப் பெயர் எழுதிவிடுவார்கள். அழுத்திக் கீறினால் அழுகிவிடும். தோல் மட்டும் கீறப்பட வேண்டும். பிசின் கசிந்து காய்ந்து, காயம் தழும்பாக மேலெழும்பும். காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் கூடவே பெருக்கும். கோலிக்குண்டு அளவில் எழுதிய எழுத்து, அறுவடையின்போது உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருக்கும். இப்போது வெளிநாடுகளில் இதைப் பூசணி அலங்காரத்தில் ஒரு முறையாகச் செய்கிறார்கள். படங்களில் பார்த்தேன். எங்களுக்கு அது காணி உறுதிப்பத்திரம். ஹொலிரூட் என்றும் டன்சினன் என்றும் ஸ்கொட்லாந்துத் துரைமார் தம் ஊர்ப் பெயர்களை மலைகளுக்கு எழுதினார்கள். எங்கள் பெயரை எழுத எங்களுக்கு இருந்த சொத்து அதுதான்.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒருநாள் வேலை என்று பொருள். செக்றோலில் பேர் விழுந்தால் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பிள்ளைகள் நாங்கள் காயில் எழுதிக்கொண்டிருந்தால் அப்பாயி கேட்பார்: "பூசணிக்காயில பேரு போட்டா கணக்கப்பிள்ளை சம்பளம் குடுத்துருவாரா?"

அப்பாயிக்குப் பூசணி விளையாட்டுப் பொருளல்ல. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் அரிசியும் மாவும் இல்லாமல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் விழுந்தபோது, உப்புப் போட்டு அவித்த பூசணியைத் தின்று எங்கள் வீடு நாள்களைக் கடத்தியது. எனக்கு அப்போது நாலைந்து வயது. பசி ஞாபகமில்லை, அந்த மஞ்சள் நிறம் ஞாபகமிருக்கிறது. அதன்பின் அவர் பூசணியில் எதையும் எறியவிட்டதில்லை. கொழுந்து இலை சுண்டலுக்கு, பூ துவையலுக்கு, விதையில் பாதி வறுக்க, மீதி சாம்பலில் புரட்டி அடுத்த விதைப்புக்கு. தோல் சீவுவது பாவம், தோலோடுதான் கறி. மார்கழியில் சாணிப் பிள்ளையாருக்கு ஒரு பூ வைப்பதற்குக்கூட, காய்க்காத ஆண்பூவாகப் பார்த்துப் பறிக்கச் சொல்வார்.

1980 ஆம் ஆண்டு மே மாதம், கீழே சிங்களக் கிராமத்தில் வெசாக் கூடுகள் தொங்கின. மூங்கில் சிம்பும் வர்ணத் தாளும் வாங்க எங்களிடம் வழியில்லை. முள்ளம்பன்றி பாதி குடைந்து போட்டிருந்த ஒரு பூசணியை நானும் பெரியப்பாவின் மகளும் கூரையடியில் கண்டெடுத்தோம். அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்குப் பதினொன்று. அக்கா அதைச் சீராகக் குடைந்து, பக்கத்தில் நட்சத்திரமாக ஓட்டை போட்டு, குப்பி லாம்பை உள்ளே வைத்தார். லயத்துப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். அப்பாயி வந்து லாம்பை ஊதி அணைத்தார். மண்ணெண்ணெய் வீணாகிறதாம். ஹலோவீன் என்ற சொல்லை நான் கேள்விப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நான் கண்ட முதல் பூசணி விளக்கு அதுதான்.

அதே மாதத்தில் அக்கா ஒரு பிஞ்சில் தன் பெயரைக் கீறினார். மூன்றெழுத்துப் பெயர். (பெயரை இங்கே எழுத அவர் அனுமதிக்கவில்லை.) பெரியப்பா வீட்டாருக்கு அப்போது இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. 1948 இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்டவர்களை இரண்டு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஆம் ஆண்டு கையெழுத்தானது, அதுவும் ஓர் ஒக்ரோபர் 30 இல். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்பது கணக்கு. பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார், அப்பா இலங்கைக்கு. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்த அண்ணனும் தம்பியும் இரண்டு நாட்டுக்காரர்களானார்கள். அப்பாயி யாரோடு இருப்பது என்று மூன்று இரவு பேசினார்கள். கடைசியில் எங்களோடு தங்கினார்.

ஜூன் மாதம் ஹட்டனில் அவர்களை இரயிலேற்றினோம். தலைமன்னாருக்குப் போய் அங்கிருந்து 'இராமானுஜம்' கப்பல். அந்த இரயிலை மலைநாட்டில் 'அழுகைக் கோச்சி' என்பார்கள். ஏன் என்று விளக்கவேண்டியதில்லை. அக்கா அழவில்லை. யன்னலுக்குள்ளிருந்து என்னிடம், "காயப் பாத்துக்கடா தம்பி. முத்துனதும் எழுது" என்றார்.

காய் நன்றாகப் பெருத்தது. மூன்று எழுத்தும் தகரத்தின் மேல் எல்லோருக்கும் தெரிய விரிந்து கிடந்தன. ஆகஸ்டில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்துத் தென்மேற்குப் பருவமழை தெரிந்தவர்களுக்குத் தெரியும், கொட்டத் தொடங்கினால் மலையில் வேலையில்லை. அந்த வாரம் அப்பாவுக்கு இரண்டே பேர். மாவு தீர்ந்த அன்று அப்பாயி காயை இறக்கினார். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. "எழுத்து எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது, காட்டு" என்று என்னைக் கேட்டார். காட்டினேன். பெயர் இல்லாத பக்கமாகக் கத்தியை வைத்தார். முதல்நாள் அந்தப் பாதி போனது. பெயர் இருந்த துண்டைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். மூன்றாம் நாள் அதையும் வெட்டினார். தோலோடு வெந்த கறியில் தழும்பு அப்படியே இருந்தது. நடு எழுத்து என் தட்டில் விழுந்தது.

அதற்கு மறுவாரம் மண்டபம் முகாமிலிருந்து அக்காவின் கடிதம் வந்தது. நாங்கள் சுகம், இங்கே எல்லாம் நல்லபடி, காய் முத்திவிட்டதா, வெட்டாமல் பரணில் வையுங்கள், ஒருநாள் வருவோம். வீட்டில் கடிதம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "பரண்ல இருக்குன்னு எழுது" என்றார் அப்பாயி. எழுதினேன். அடுத்த கடிதத்திலும் கேட்டார். அப்போதும் இருக்கிறது என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். எங்களிடம் மறைக்கிற அளவுக்குச் சோறு இருக்கவில்லை, கடிதத்தில் மறைத்தோம். ஓராண்டுக்கு மேல் அந்தப் பூசணி என் கையெழுத்தில் கெடாமல் இருந்தது. பிற்காலத்தில் செய்தி எழுதிப் பிழைக்கப் போகிறவனின் முதற் பொய்ச்செய்தி. பிறகு அக்கா கேட்பதை நிறுத்தினார். 1983 கலவரத்துக்குப் பின் கடிதமே நின்றுபோனது. அடுத்த ஆண்டு கப்பலும் நின்றது.

2003 இல் தமிழ்நாட்டுக்குப் போன ஒரு பயணத்தில் கூடலூரில் அக்காவைக் கண்டுபிடித்தேன். தாயகம் திரும்பியோருக்காக 1968 இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டம். மீண்டும் லயம், மீண்டும் கொழுந்துக்கூடை. என் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது, அவருக்கு முழுதும் நரைத்துவிட்டது. அப்பாயி எப்போது போனார் என்று முதலில் கேட்டார். இரண்டாவதாகக் கேட்டது, "அந்தப் பூசணிக்கா என்னாச்சு?"

சொன்னேன். சாக்குப் போட்டு மூடியதையும் சொன்னேன்.

"பரண்ல இருக்குன்னு எழுதுனியே."

"அப்பாயிதான் எழுதச் சொன்னாங்க."

சிறிது நேரம் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். "நானுந்தான் எழுதுனேன், முகாம்ல எல்லாம் நல்லாருக்குன்னு. கேழ்வரகுக் கஞ்சிக்கு வரிசையில நின்னுக்கிட்டுத்தான் அந்தக் கடுதாசிய எழுதுனேன்" என்றார். பிறகு, "நல்லா இருந்துச்சா?"

"மாவா இருந்துச்சுக்கா. நல்ல இனிப்பு."

"அப்பச் சரி."

ரொறொன்ரோவில் நான் குப்பைத்தொட்டியை ஏன் பொத்தினேன் என்று மருமகனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. விதைகளைக் கழுவி, உப்பும் மிளகாய்த்தூளும் புரட்டி அடுப்பில் வறுத்துக் கொடுத்தேன். பேத்தி ஒரு கிண்ணம் தின்றாள். சதையைத் தேங்காய்ப்பாலும் அரைத்த கடுகும் விட்டுக் கறியாக்கினேன். நார்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2022 இன் நெருக்கடியில், எங்கள் தோட்டங்களில் மறுபடியும் வேளைச்சாப்பாட்டைக் குறைக்கிறார்கள் என்று செய்தி திருத்திக்கொண்டிருந்தவன் நான். இரண்டே ஆண்டில் நாரென்று கொட்ட மனம் வரவில்லை. செதுக்கியே தீரவேண்டும் என்றால் வழித்ததைச் சமைத்துவிட்டுச் செதுக்கலாம். இல்லையேல், வெட்டாமல் வர்ணம் பூசிய காய் மாதக்கணக்கில் இருக்கும். விழா முடிந்து கழுவிவிட்டுக் கறி வைக்கலாம், பூசுவது அரிசிமாவும் மஞ்சளுமாக இருந்தால்.

நவம்பர் முதலாம் திகதி மாலை, நகரத்தின் மேற்கிலுள்ள சொரோரன் பூங்காவுக்குப் போனோம். 2004 முதல் அங்கே ஒரு வழக்கம். ஹலோவீன் முடிந்த மறுநாள் அயலவர்கள் தங்கள் பூசணிகளைக் கொண்டுவந்து வரிசையாக அடுக்கிக் கடைசியாக ஒருமுறை விளக்கேற்றுவார்கள். பிறகு நகரசபை அவற்றை உரமாக்க எடுத்துச் செல்லும். பாதையின் இருமருங்கும் இருட்டில் வரிசையாக முகங்கள். எங்கள் காயையும் வைத்தோம். பேத்தி அதைத் திருப்பி, தன் பெயர் பாதைப்பக்கம் தெரியும்படி வைத்தாள். பெயர் பெரிதாகுமா என்று கேட்டாள். இது முற்றிய காய், பெரிதாகாது, பிஞ்சில் எழுதினால்தான் ஆகும் என்றேன். அப்படியானால் பிஞ்சு எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். வறுக்காமல் எடுத்துவைத்திருந்த ஏழு விதைகளைச் சமையலறை அலுமாரியில் அவளுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கொழும்புக்கு விமானம் ஏறினேன்.

பூங்காவிலிருந்தே, மீசைவைத்த காயையும் பெயரெழுதிய காயையும் படமெடுத்து வட்ஸ்அப்பில் கூடலூருக்கு அனுப்பியிருந்தேன். அங்கே விடிந்தபின் அக்காவின் குரல் செய்தி வந்தது. பின்னணியில் சேவல் கூவுகிறது.

"நல்லாருக்குடா தம்பி. உள்ள இருந்தத என்னா செஞ்சீங்க? கறி வச்சீங்களா?"